புகைபோக்கி வழியே போகும் சூட்டை அடுப்புக்கே திருப்பி அனுப்ப முடியுமா?

ஆயர் ராஜா விரைவுச்சாலையில் துவாஸ் பக்கம் போகும்போது ஆலைகளின் புகைபோக்கிகளைப் பார்த்திருப்பீர்கள்.

சில நேரம் அவற்றின் உச்சியில் வெள்ளையாக ஏதோ மிதக்கும். "அடேயப்பா, எவ்வளவு புகை!" என்று தோன்றும். பெரும்பாலும் அது நீராவிதான். வெளிக்காற்றில் பட்டுக் குளிர்ந்ததும் மேகம்போல் தெரிகிறது.

அதோடு சேர்ந்து இன்னொன்றும் வெளியே போகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஆலை அதற்குக் காசு கொடுத்திருக்கிறது.

சூடு.

அந்தச் சூட்டில் ஒரு பகுதியைப் பிடித்து, மறுபடியும் அடுப்புக்குள்ளேயே அனுப்பலாம். இது ஏறக்குறைய 200 ஆண்டுப் பழைய யோசனை. இப்போது ஏன் அதைப் பற்றிப் பேச வேண்டும்? சிங்கப்பூரின் கரிம வரி அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதற்கு வருவோம். முதலில் பாய்லருக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பாய்லர் எதற்கு?

பாய்லர் என்பது பெரிய வெந்நீர்ப் பானை. எரிவாயுவையோ எண்ணெயையோ எரித்து, தண்ணீரை நீராவியாக்கும். அந்த நீராவிதான் உணவை வேகவைக்கிறது, மருத்துவமனைத் துணிகளைத் துவைக்கிறது, மருந்துத் தொழிற்சாலையில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்கிறது, ஜூரோங் தீவில் ரசாயனங்களைச் சூடாக்குகிறது. மின்சாரத்தால் செய்ய முடியாதா என்றால், முடியும். ஆனால் நிறைய நீராவி வேண்டும் என்றால் இன்றும் பல ஆலைகள் நெருப்பையே நம்புகின்றன.

வீட்டில் சோறு வடிக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? தீ சட்டியின் அடியில்தான் இருக்கிறது. ஆனால் சட்டியின் ஓரமாகக் கையைக் கொண்டுபோனால் சுள்ளென்று சுடும். சட்டிக்குள் போகாமல் தப்பித்த சூடு அது. பாய்லரில் தப்பிக்கும் சூடு இதைவிடக் குறைவு. உள்ளே வரிசை வரிசையாகக் குழாய்கள் இருப்பதால் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். ஆனாலும் ஒரு கட்டத்துக்குமேல் பிடிக்க முடியாது.

ஏன் முடியாது?

சூடு எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும். ஓர் ஆலைக்கு 10 பார் அழுத்தத்தில் நீராவி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. சுமார் 184 டிகிரி செல்சியஸ் தேவை. அப்படியானால் குழாய்களைத் தொட்டுக்கொண்டு போகும் புகைவாயு 184 டிகிரிக்குக் கீழே இறங்கவே முடியாது. நடைமுறையில் 220 டிகிரி அளவில் வெளியேறும்.

220 டிகிரி என்பது நீங்கள் 'அவனில்' கோழி வாட்டும் சூடு. அது அப்படியே வானத்துக்குப் போகிறது.

அதை இன்னும் குளிர்விக்க வேண்டுமென்றால், பாய்லர் தண்ணீரைவிடக் குளிர்ந்த ஏதாவது வேண்டும். அப்படி என்ன இருக்கிறது? பாய்லருக்குள் நுழையக் காத்திருக்கும் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று புதுத் தண்ணீர். மற்றொன்று காற்று.

காற்றா? அது எவ்வளவு பெரிய விஷயம்?

ரொம்பப் பெரிய விஷயம். எரிவாயு எரிகிறது என்றால் எல்லாரும் எரிவாயுவைத்தான் நினைப்போம். எடை போட்டுப் பார்த்தால் கதையே வேறு. 1 கிலோ இயற்கை எரிவாயு முழுதாக எரிய ஏறக்குறைய 17 கிலோ காற்று தேவை. அளவாக மட்டும் கொடுத்தால் சில மூலைகளில் வாயு எரியாமல் போய்விடலாம் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே ஊதுவார்கள். ஆக, சுமார் 20 கிலோ.

அந்தக் காற்றில் எரிய உதவுவது ஆக்ஸிஜன் மட்டும்தான். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் அது. மீதி நைட்ரஜன். அது எரியாது, எரிய உதவவும் செய்யாது. சும்மா உள்ளே வரும், நெருப்பின் சூட்டை வாங்கிக்கொள்ளும், வாங்கியதில் கொஞ்சத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு புகைபோக்கி வழியாகப் போய்விடும். கல்யாண வீட்டுக்கு வந்து மொய் வைக்காமல் சாப்பிட்டுப் போகும் ஆள் மாதிரி.

அந்த விருந்தாளியை வரவேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் வெளியே கொண்டுபோகும் சூட்டை வாசலில் வைத்து வாங்கி, உள்ளே வரும் அடுத்தவரிடம் கொடுக்கலாம். காற்றை முன்கூட்டியே சூடாக்கும் கருவி செய்வது அதைத்தான். ஆலைகளில் அதை 'ஏர் ப்ரீஹீட்டர்' என்பார்கள். இங்கே காற்றுச் சூடாக்கி என்று வைத்துக்கொள்வோம்.

எப்படி வேலை செய்கிறது?

எளிய வகையில் இருப்பது ஒரு பெரிய பெட்டியும் அதற்குள் நிறையக் குழாய்களும்தான். குழாய்களுக்குள் சூடான புகைவாயு ஒரு திசையில் போகும். வெளியே புதுக்காற்று பெரும்பாலும் எதிர்த்திசையில் வரும். இரண்டும் கலக்காது. நடுவில் இருக்கும் உலோகச் சுவர் வழியாகச் சூடு மட்டும் கைமாறும்.

எதிரெதிராக விடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெளியே போகப்போகும் குளிர்ந்த புகைவாயு, அப்போதுதான் உள்ளே நுழையும் மிகக் குளிர்ந்த காற்றைச் சந்திக்கிறது. உள்ளே போகத் தயாரான சூடான காற்று, அப்போதுதான் வந்த மிகச் சூடான புகைவாயுவைச் சந்திக்கிறது. பாதை முழுக்க இரண்டுக்கும் இடையே வித்தியாசம் இருந்துகொண்டே இருப்பதால் கடைசிவரை சூடு மாறிக்கொண்டே இருக்கும்.

நம் பாய்லரில் 220 டிகிரியில் வெளியேறும் புகைவாயுவை 120 டிகிரிக்கு இறக்கினால், 30 டிகிரியில் வரும் சிங்கப்பூர்க் காற்று சுமார் 145 டிகிரிக்கு ஏறும். அந்தக் காற்று நெருப்புக்குள் போகும்போது, அதைச் சூடாக்க எரிவாயு செலவாக வேண்டியதில்லை.

எவ்வளவு மிச்சமாகும்? பொறியாளர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. காற்றின் வெப்பநிலை சுமார் 20 டிகிரி ஏறினால் எரிபொருள் 1 விழுக்காடு குறையும். துல்லியமான கணக்கு எரிபொருளையும் பாய்லரையும் பொறுத்தது. நம் உதாரணத்தில் 4 முதல் 5 விழுக்காடு வரை மிச்சம் பிடிக்கலாம்.

"இவ்வளவுதானா?" என்று கேட்காதீர்கள். இரவும் பகலும் ஓடும் பாய்லருக்கு 4 விழுக்காடு என்பது ஆண்டில் ஏறக்குறைய 15 நாள் எரிவாயு.

'நெருப்புக்குக் குளிர்ந்த காற்றுதான் நல்லது'

ஒரு காலத்தில் நிபுணர்களே அப்படித்தான் சொன்னார்கள்.

1820களில் ஸ்காட்லந்தின் இரும்பு உலைக்காரர்கள் ஒன்றைக் கவனித்திருந்தார்கள். குளிர்காலத்தில் உலை நன்றாக வேலை செய்தது. கோடையில் மக்கர் செய்தது. ஆகவே குளிர்ந்த காற்றே சிறந்தது என்று முடிவு கட்டினார்கள். உலைக்குப் போகும் காற்றை வேண்டுமென்றே குளிர்விக்க முயன்றவர்களும் உண்டு.

கவனித்தது சரி. காரணம் தவறு. குளிர்காலக் காற்றில் ஈரம் குறைவு. உலைக்கு உதவியது அந்த உலர்ந்த தன்மை.

கிளாஸ்கோ நகரின் எரிவாயு ஆலையில் பணியாற்றிய ஜேம்ஸ் போமான்ட் நீல்சன் எதிர்த்திசையில் யோசித்தார். காற்றைச் சூடாக்கி ஊதினால் என்ன? 1828ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். கிளைட் இரும்பு ஆலையில் சோதித்தார்கள். அதுவரை 1 டன் இரும்புக்குச் சுமார் 8 டன் நிலக்கரி செலவானது. காற்றைச் சுமார் 150 டிகிரிக்குச் சூடாக்கியதும் அது 5 டன்னாகக் குறைந்தது. பிறகு என்ன? நம்பாதவர்களும் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். சிலர் காப்புரிமைக் கட்டணம் தராமலேயே. நீல்சன் பல ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

நீல்சன் முதலில் காற்றைச் சூடாக்கத் தனியாக ஓர் அடுப்பு வைத்திருந்தார். வெளியேறும் வாயுவின் சூட்டையே அதற்குப் பயன்படுத்தலாம் என்பது அடுத்த கட்டம்.

பாய்லர்களுக்குப் பெரிய திருப்பம் 1920இல் வந்தது. சுவீடனைச் சேர்ந்த ஃபிரெட்ரிக் யுங்ஸ்ட்ரோம், குழாய்களையே விட்டுவிட்டார். ஒரு பெரிய சக்கரம். அதற்குள் நெளிநெளியான உலோகத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சக்கரத்தின் ஒரு பாதி புகைவாயுப் பாதையில், மறுபாதி காற்றுப் பாதையில். அது மெதுவாகச் சுற்றும். புகைவாயு பக்கம் இருக்கும்போது தகடுகள் சூட்டை வாங்கும். காற்றுப் பக்கம் போனதும் கொடுத்துவிடும். மறுபடி வாங்கும், மறுபடி கொடுக்கும்.

சிறிய இடத்தில் நிறையச் சூட்டை மாற்றும் இந்தச் சக்கரம் இன்றும் உலகின் பெரிய அனல்மின் நிலையங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அங்கே காற்று 300 டிகிரி அளவுக்குக்கூடச் சூடாகும். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1995இல் இதை வரலாற்றுச் சிறப்புமிக்க கண்டுபிடிப்பாக அறிவித்தது.

சக்கரத்திலும் குறை உண்டு. சுற்றும் பாகத்துக்கும் உறைக்கும் இடையே கொஞ்சம் காற்று கசியும். தகடுகளில் எண்ணெய்க் கரி படிந்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் இருக்கிறது.

இவ்வளவு நல்லதென்றால் எல்லாரும் ஏன் செய்யவில்லை?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏனென்றால் "காசு இல்லை" என்பது மட்டும் இதற்குப் பதில் இல்லை.

முதல் போட்டி தண்ணீரிடமிருந்து வருகிறது. அதே புகைவாயுவைக் கொண்டு பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்கலாம். அந்தக் கருவிக்குப் பெயர் 'எகனாமைசர்'. காற்றைவிடத் தண்ணீர் சூட்டைச் சட்டென்று உறிஞ்சும். அதனால் எகனாமைசர் சிறியது, மலிவானது, பர்னரைத் தொட வேண்டியதில்லை. சிறிய ஆலைக்கு நான் ஆலோசனை சொல்ல வேண்டுமென்றால் முதலில் அதைத்தான் சொல்வேன்.

அப்படியானால் காற்றுச் சூடாக்கி எங்கே பொருந்தும்? பாய்லருக்கு வரும் தண்ணீர் ஏற்கெனவே சூடாக இருக்கும் இடத்தில். நல்ல ஆலைகள் பயன்படுத்திய நீராவி குளிர்ந்து தண்ணீரானதும் அதை வீணாக்காமல் திரும்பக் கொண்டுவரும். அதிலுள்ள ஆக்ஸிஜனை நீக்க 105 டிகிரி அளவுக்குச் சூடாக்கவும் செய்யும். அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு புகைவாயுவை எவ்வளவு குளிர்விக்க முடியும்? ஓரளவுதான். 30 டிகிரிக் காற்றுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

ஈரமான எரிபொருளுக்கும் சூடான காற்று வரப்பிரசாதம். கரும்புச் சக்கையின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அதனால்தான் தமிழ்நாடு உட்பட உலகெங்கும் உள்ள சர்க்கரை ஆலைகளில் காற்றுச் சூடாக்கி சர்வசாதாரணம். சூடான காற்று முதலில் சக்கையைக் காயவைக்கிறது, பிறகு எரிய வைக்கிறது.

இரண்டாவது சிக்கல், துரு.

எரிபொருளில் கந்தகம் இருந்தால் அது எரிந்து, நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலமாகும். சூடாக இருக்கும்வரை அது ஆவியாகவே போய்விடும். சுமார் 120 முதல் 150 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உலோகத்தின்மேல் துளித்துளியாகப் படியும். பிறகு உலோகத்தைத் தின்னும்.

இங்கே பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. புகைவாயுவின் வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது. நம் உதாரணத்தில் புகைவாயு 120 டிகிரியில் வெளியேறுகிறது. அதே இடத்தில் சுவரின் மறுபக்கம் 30 டிகிரிக் காற்று இருக்கிறது. நடுவில் இருக்கும் உலோகம் ஏறக்குறைய 75 டிகிரியில்தான் இருக்கும். அமிலம் படிவது அந்த உலோகத்தின்மேல். கந்தகம் உள்ள எண்ணெயை எரிக்கும் ஆலை இப்படிச் செய்தால், மிச்சம் பிடித்த காசைக் குழாய் மாற்றவே செலவழிக்க வேண்டிவரும். அதனால்தான் சில ஆலைகளில் உள்ளே வரும் காற்றை முதலில் கொஞ்சம் நீராவி கொண்டு இளஞ்சூடாக்கிய பிறகே காற்றுச் சூடாக்கிக்குள் விடுகிறார்கள்.

இயற்கை எரிவாயுவில் கந்தகம் மிகமிகக் குறைவு. அதன் புகைவாயுவில் தண்ணீர் படியத் தொடங்குவது 55 டிகிரி அளவில்தான். ஆக, 75 டிகிரி உலோகம் பாதுகாப்பாக இருக்கும். சிங்கப்பூருக்கு 1992இல் மலேசியாவிலிருந்தும் 2001இல் இந்தோனேசியாவிலிருந்தும் குழாய்வழி இயற்கை எரிவாயு வந்தது. 2013இல் திரவ இயற்கை எரிவாயு முனையம் செயல்படத் தொடங்கியது. எண்ணெயிலிருந்து எரிவாயுவுக்கு மாறிய ஆலைகள் தங்கள் புகைபோக்கியை இன்னும் குளிர்விக்க வழி கிடைத்தது இப்படித்தான்.

மூன்றாவது சிக்கல் கொஞ்சம் சங்கடமானது.

சூடான காற்றை ஊதினால் நெருப்பும் அதிகச் சூடாகும். நெருப்பு சுமார் 1,500 டிகிரியைத் தாண்டினால், சும்மா வந்துபோன அந்த நைட்ரஜன் சும்மா இருக்காது. ஆக்ஸிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகும். அவை மூச்சுக்குழாயைப் பாதிக்கும் மாசு. ஆலைகள் எவ்வளவு வெளியேற்றலாம் என்பதற்குச் சட்ட வரம்பும் உண்டு.

அதாவது, கரியமில வாயுவைக் குறைக்கச் செய்யும் வேலை வேறொரு மாசை ஏற்றிவிடலாம். சமாளிக்க வழிகள் உண்டு. எரிபொருளையும் காற்றையும் கட்டம் கட்டமாகக் கலக்கும் பர்னர்கள் வந்துவிட்டன. குளிர்ந்த புகைவாயுவில் கொஞ்சத்தை மறுபடி நெருப்புக்குள் விட்டு அதன் சூட்டைத் தணிக்கவும் செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் செலவு உண்டு.

இடப் பிரச்சினையும் இருக்கிறது. 30 டிகிரிக் காற்று 145 டிகிரிக்குச் சூடானால் அதன் கன அளவு கிட்டத்தட்ட 40 விழுக்காடு கூடும். பழைய பர்னரும் காற்றுக்குழாயும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மாடி மாடியாக நெருக்கி அடுக்கப்பட்ட ஆலையில் இதற்கெல்லாம் இடம் எங்கே? ஏற்கெனவே ஓடும் பாய்லரில் கொண்டுபோய் ஒட்டவைப்பதைவிட, புது பாய்லர் வாங்கும்போதே சேர்த்துத் திட்டமிடுவது நல்லது என்று சொல்வது அதனால்தான்.

கரிம வரி எங்கே வருகிறது?

சிங்கப்பூரில் கரிம வரி 2019இல் தொடங்கியது. ஆண்டுக்கு 25,000 டன் அல்லது அதற்குமேல் வெப்பவாயுக்களை நேரடியாக வெளியேற்றும் ஆலைகள் அதைக் கட்ட வேண்டும். தொடக்கத்தில் டன்னுக்கு 5 வெள்ளி. 2024, 2025ஆம் ஆண்டுகளில் 25 வெள்ளி. 2026, 2027ஆம் ஆண்டுகளில் 45 வெள்ளி. 2030க்குள் 50 முதல் 80 வெள்ளி வரை உயர்த்துவது இலக்கு.

இப்போது ஒரு கற்பனை ஆலையை எடுத்துக்கொள்வோம். அதன் பாய்லர்கள் ஆண்டுக்கு 40,000 டன் கரியமில வாயுவை வெளியேற்றுகின்றன. காற்றுச் சூடாக்கியால் 4 விழுக்காடு குறைகிறது. அதாவது 1,600 டன்.

டன்னுக்கு 5 வெள்ளி இருந்தபோது அதனால் மிச்சமாகும் வரி ஆண்டுக்கு 8,000 வெள்ளி. ஒரு கூட்டத்தில் அதைச் சொன்னால் முதலாளி கொட்டாவி விட்டிருப்பார். 45 வெள்ளி என்றால் 72,000 வெள்ளி. 80 வெள்ளி என்றால் 128,000 வெள்ளி. கருவி அதேதான், சூடு அதேதான். மாறியது விலை மட்டும்.

சில விஷயங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அனைத்துலகப் போட்டியைச் சந்திக்கும் சில நிறுவனங்களுக்கு வரியில் ஒரு பகுதிக்குச் சலுகை உண்டு. எரிவாயுக் கட்டணத்தில் மிச்சமாகும் தொகையோ வரியைவிடப் பல மடங்கு அதிகம். எனவே "வரிக்காகத்தான் செய்கிறார்கள்" என்று சொல்வது சரியல்ல. இழுத்துக்கொண்டே இருந்த கணக்கை வரி ஒரு பக்கமாகச் சாய்க்கிறது.

25,000 டன்னை எட்டாத சிறிய ஆலைகளுக்கு இந்த நேரடி நெருக்கடி இல்லை. ஆனால் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2013 முதல் நடப்பில் உள்ளது. ஆண்டுக்கு 54 டெராஜூல் அல்லது அதற்குமேல் பயன்படுத்தும் ஆலைகள் எரிசக்தி நிர்வாகி ஒருவரை நியமிக்க வேண்டும், பயன்பாட்டை அறிக்கையாகக் கொடுக்க வேண்டும், மேம்பாட்டுத் திட்டமும் சமர்ப்பிக்க வேண்டும். 54 டெராஜூல் பெரிய எண்போலத் தெரியும். மணிக்கு இரண்டரை டன் அளவுக்கு நீராவி தரும் ஒரே பாய்லர் ஆண்டு முழுவதும் ஓடினாலே அதை நெருங்கிவிடும்.

நீங்கள் அங்கே வேலைக்குப் போனால்?

பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ பொறியியல் படிப்பவர் என்றால், ஒருநாள் பாய்லர் அறைக்குள் போகும் வாய்ப்பு வரலாம். காது அடைக்கும் சத்தம், வேர்த்துக் கொட்டும். அங்கே இரண்டு எண்களைத் தேடுங்கள்.

ஒன்று, புகைவாயுவில் மிஞ்சியிருக்கும் ஆக்ஸிஜன். இயற்கை எரிவாயு பாய்லரில் அது 2, 3 விழுக்காடு இருந்தால் நல்லது. 7, 8 என்று காட்டினால் தேவைக்கும் அதிகமாகக் காற்று ஊதப்படுகிறது. அதாவது மொய் வைக்காத விருந்தாளிகள் கூடிவிட்டார்கள். அதைச் சரிசெய்யப் பெரும்பாலும் புதுக் கருவி எதுவும் வேண்டாம். பர்னரை ஒழுங்குபடுத்தினால் போதும்.

இன்னொன்று, புகைபோக்கியின் வெப்பநிலை. பாய்லரின் வேலைப்பளு மாறாமல் அந்த எண் மட்டும் மாதா மாதம் ஏறிக்கொண்டே போனால், குழாயின் ஒரு பக்கம் கரியோ மறுபக்கம் உப்போ படிகிறது என்று அர்த்தம். போர்வை போர்த்திய மாதிரி அது சூட்டைத் தண்ணீருக்குள் போகவிடாது. முதலில் குழாய்களைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். செய்த பிறகும் 220 என்றே காட்டினால், அப்போது உட்கார்ந்து காற்றுச் சூடாக்கியைப் பற்றிப் பேசலாம்.